70,000 விதைகள்

பகல் ஏறிய நேரத்தில் ரப்பர் தோப்புக்குள் நின்றால் தலைக்கு மேலே படீர் படீர் என்று சத்தம் கேட்கும். முற்றிய காய் வெயிலில் காய்ந்து வெடிக்கிற சத்தம் அது. காய்க்கு மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. ஆமணக்குக் குடும்பத்து மரம் என்பதால் விதையும் அதே சாயல்தான். உருவம் மட்டும் பெரிது. வழவழப்பான ஓடு, அதன்மேல் பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுகள், உள்ளே எண்ணெய்ப் பருப்பு. அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்துவிடும். சில வாரங்களுக்கு மேல் வைத்திருந்தால் விதை முளைக்காது.

இப்படிப்பட்ட 70,000 விதைகள் 1876ஆம் ஆண்டு அமேசானின் கிளையாறான தபஜோஸ் கரையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போயின. இன்று தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா, வியட்நாம், இலங்கை, கேரளம், நம் கன்னியாகுமரி என்று எங்கெங்கும் நிற்கிற ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே சரக்கின் வாரிசுகள். இந்த மரத்தை வைத்து ஒவ்வொரு தேசமும் தனக்குப் பெருமை சேர்க்கும்படி ஒரு கதை வைத்திருக்கிறது. மரத்தில் பால் வெட்டியவர்கள் அந்தக் கதைகளில் இல்லை. அவர்களில் லட்சக்கணக்கானவர்கள் தமிழர்கள்.

விதையைக் கொண்டுபோனவர் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர். அதுவரை எடுத்த தொழில் எதிலும் தேறாமல் அமேசான் கரையில் தங்கிவிட்டவர். கொண்டுவரச் சொன்னது லண்டனிலிருந்த இந்திய அலுவலகமும் கியூ தாவரப் பூங்காவும். இந்திய அலுவலகத்தில் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற அதிகாரி இருந்தார். ஆண்டிஸ் மலையின் சிங்கோனா மரத்தை 1860களில் நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்ட முயற்சி அவருடையது. அதே வழியில் ரப்பரையும் பேரரசின் மண்ணுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது கணக்கு. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தக் கற்ற பிறகு, ஓடுகிற எந்த இயந்திரத்துக்கும் அது தேவைப்பட்டது. நல்ல ரப்பர் கிடைக்கும் இடமோ அமேசான் காடு.

விக்கமுக்குப் பேசிய விலை ஆயிரம் விதைக்கு 10 பவுண்டு. கூடை முடைந்து கொடுத்ததும் காட்டில் விதை பொறுக்கியதும் அந்த ஊர்ப் பழங்குடிகள். அவர்கள் பெயர் எதுவும் பதிவாகவில்லை. பல ஆண்டுகள் கழித்து விக்கம் இந்தப் பயணத்தை ஒரு சாகசமாகச் சொல்லத் தொடங்கினார்: சுங்க அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி விதை கடத்தினேன் என்று. உண்மையில் ரப்பர் விதையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற சட்டம் அன்றைய பிரேசிலில் கிடையாது. ஆனாலும் பிரிட்டனுக்கு ஒரு வீரன் கிடைத்தான், பிரேசிலுக்கு ஒரு திருடன் கிடைத்தான். இரண்டு தேசத்துக்கும் கதை பிடித்துப்போனது. 1920இல் விக்கமுக்குச் ‘சர்’ பட்டம் கொடுத்தார்கள்.

கியூவில் விதைத்த 70,000இல் முளைத்தது சுமார் 2,700. அதில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குப் போய், கொழும்புக்கு வடக்கே ஹெனரத்கொட தோட்டத்தில் வேரூன்றின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அடுத்த இருபது ஆண்டுகள் அந்த மரங்களைச் சீண்டுவார் இல்லை. மலாயாவின் தோட்டத் துரைமாருக்குக் காப்பி போதுமானதாக இருந்தது. சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி மட்டும் சட்டைப்பையில் விதையோடு அலைந்து, கண்டவர்களிடமெல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சினார். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவர்தான்.

இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் ரப்பரின் பேரில் நடந்த மிகப் பெரிய கொடுமைகள் நடந்தன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிளும் பிறகு காரும் உலகம் முழுக்க ஓடத் தொடங்கின. தோட்ட ரப்பர் இன்னும் சந்தைக்கு வரவில்லை. காட்டு ரப்பருக்கு விலை ஏறிக்கொண்டே போனது. காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த பெல்ஜிய அரசர் லியோபோல்டின் ஆட்கள், கொடி ரப்பர் கொண்டுவராத கிராமங்களில் புகுந்து சுட்டார்கள். செலவழித்த தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட வெட்டிய கைகளைக் கொண்டுபோனார்கள். 1904இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஒரு தகப்பன் திண்ணையில் உட்கார்ந்து, தன் ஐந்து வயது மகளின் வெட்டுண்ட கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் ந்சாலா. அமேசானின் புதுமாயோ பகுதியில் இதே வேலையைச் செய்தது லண்டனில் பதிவான ஒரு கம்பெனி. இயக்குநர் குழுவில் ஆங்கிலேயர்களும் இருந்தார்கள்.

இரண்டையும் விசாரித்து அறிக்கை எழுதியவர் ஒருவரே: ரோஜர் கேஸ்மென்ட். அவருக்கும் ‘சர்’ பட்டம் கிடைத்தது. பிறகு அவர் தன் சொந்த நாடான அயர்லாந்தின் விடுதலைக்காக நின்றபோது, 1916இல் அதே அரசு பட்டத்தைப் பறித்துத் தூக்கிலிட்டது. காங்கோவின் கொடுமையைக் கண்டிக்க ஒரு பேரரசால் முடியும். தன் வீட்டு வாசலில் அதே நியாயத்தைக் கேட்டால் பொறுக்க முடியாது.

1913 வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்தியது. அமேசானின் மனாஸ் நகரில் ரப்பர்க் காசில் கட்டிய ஓபரா மாளிகை அப்படியே நிற்க, வியாபாரம் மலாயாவுக்குப் போனது. அங்கே காட்டை வெட்டி, மரம் நட்டு, பால் எடுக்க ஆள் வேண்டுமே. கங்காணிகள் திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து, சொந்தபந்தத்தையும் ஊர்க்காரர்களையும் அழைத்துப் போனார்கள். 1907இல் தோட்ட முதலாளிகளின் பணத்தில் ஒரு குடியேற்ற நிதி ஏற்பட்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள். அங்கிருந்து கப்பல், பினாங்கில் தொற்றுத் தடுப்பு முகாம், பிறகு தோட்டம், லயம் என்ற வரிசை வீடு. 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது பல்லாயிரம் பேரை அதே கப்பல்களில் திருப்பி ஏற்றினார்கள். விலை ஏறியதும் மறுபடி அழைத்தார்கள். ரப்பருக்குத் தமிழன் என்று இயற்கையே விதித்ததுபோல அன்றைய அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். தமிழர் சாதுவானவர், சொன்னபடி கேட்பார் என்பது அவர்கள் கண்ட இன இலக்கணம்.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் விடியும் முன்னே தோப்புக்குள் போனால் இன்றும் பார்க்கலாம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வருகிறார் பால் வெட்டும் ஓர் அம்மா. முதலில், முந்தைய வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் ரப்பர் நாடாவை உரித்து இடுப்புப் பைக்குள் போடுகிறார். அது ஒட்டுப்பால், அதற்கும் விலை உண்டு. பிறகு வளைந்த கத்தியை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரே இழுப்பாக இழுக்கிறார். பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவல் விழ வேண்டும். கத்தி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் முண்டு கட்டிவிடும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. வெட்டுக்கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் முளைத்து, ஒன்றுசேர்ந்து, தகரத் துண்டின் வழியே கப்புக்குள் சொட்டத் தொடங்குகிறது. அதற்குள் அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். இப்படி ஒரு காலையில் முன்னூறு, நானூறு மரம். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால்தான் இருட்டிலேயே வருவது. பாம்பும் கொசுவும் அட்டையும் வேலையோடு சேர்ந்தவை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பணமும் இல்லை. சந்தை விலையை யாரும் இந்த அம்மாவைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

மலாயாவை விட்டுக் கொஞ்சம் மேற்கே போக வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. 1922இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்கியது. உலகின் டயரில் பெரும்பகுதியை ஓட்டித் தேய்த்துக்கொண்டிருந்த அமெரிக்காவுக்குக் கோபம். டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன், அமெரிக்கா தன் ரப்பரைத் தானே விளைவிக்க வேண்டும் என்று தேசப்பற்று முழக்கத்தோடு பிரச்சாரம் செய்தார். அமெரிக்க மண்ணில் ரப்பர் விளையாது. அவர் போய்ச் சேர்ந்த இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா.

லைபீரியா, அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் அவர்கள் வழிவந்தவர்களும் குடியேறி, 1847இல் குடியரசாக அறிவித்த நாடு. சுதந்திர வேட்கைதான் எங்களை இங்கே கொண்டுவந்தது என்பது அதன் அரசுச் சின்னத்தில் பொறித்த வாசகம். அந்த வேட்கையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த க்பெலே, பாஸா, க்ரூ மக்களுக்கு அந்தச் சின்னத்தில் இடமில்லை. 1926இல் ஃபயர்ஸ்டோனுக்கு 10 லட்சம் ஏக்கர் வரை எடுத்துக்கொள்ள உரிமை கொடுத்தார்கள்: 99 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென்ட். கூடவே 50 லட்சம் டாலர் கடன் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை. கடன் கொடுத்ததும் ஃபயர்ஸ்டோனின் ஏற்பாட்டில் அமைந்த நிறுவனமே. கடனுக்குப் பாதுகாப்பாக நாட்டின் வரவுசெலவை அமெரிக்கர்கள் மேற்பார்த்தார்கள். படை இறங்கவில்லை, ஆளுநர் நியமனமாகவில்லை, லைபீரியக் கொடி இறங்கவில்லை. தோட்டத்து ஊருக்கு முதலாளி, அவர் மனைவி ஐடபெல் இருவர் பெயரையும் சேர்த்து ஹார்பெல் என்று பெயர் வைத்தார்கள். நாட்டில் கட்டாய உழைப்பு நடக்கிறது என்று நாடுகளின் சங்கத்து விசாரணைக் குழு 1930இல் அறிக்கை கொடுத்தது, அதிபர் பதவி விலகினார், தோட்டம் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் புதிய ஆட்சி முறை இதுதான் என்று நான் கருதுகிறேன். நாட்டை ஆள வேண்டிய செலவு இல்லை. நிலமும் கடன் பத்திரமும் கையில் இருந்தால் போதும்.

ஹென்றி ஃபோர்டும் முயன்றார். 1928இல் விக்கம் விதை எடுத்த அதே தபஜோஸ் கரையில் ஃபோர்டுலாந்தியா என்று ஓர் அமெரிக்க நகரத்தையே கட்டினார். மரங்களை நெருக்கமாக நட்டதும் அந்த மண்ணுக்கே உரிய இலைக்கருகல் பூசணம் தோட்டத்தைத் தின்றுவிட்டது. 1945இல் விட்டுவிட்டுப் போனார்கள். மரத்தின் தாயகத்தில் தோட்டம் போட முடியவில்லை. பிரேசில் இன்றும் தன் தேவைக்கு ரப்பரை இறக்குமதி செய்கிறது.

1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. துரைமார் கப்பலேறிப் போனார்கள், தோட்டத்து மக்கள் விடப்பட்டார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியருக்கு ஆள் தேவைப்பட்டது. லயங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, புண், பசி. நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் அதைப்போலப் பல மடங்கு இறந்தார்கள். சரியான கணக்கு எடுக்க யாரும் முனையவில்லை. காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறை வரிசை வரிசையாகப் பெயரோடு நிற்கிறது. இலங்கையின் கித்துல்கலையில் படமெடுத்து 1957இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ ஆங்கிலேயச் சிப்பாயின் தன்மானத்தைப் பேசியது. அந்தப் பாதையில் அதிகம் செத்தவர்கள் படத்தின் கதையில் இல்லை. அண்மையில் மலேசியத் தமிழர்கள் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து.

போர் முடிந்ததும் பிரிட்டன் திரும்பி வந்தது, கடனாளியாக. அமெரிக்க டாலர் சம்பாதித்துக் கொடுக்க அதற்கு மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் வேண்டும். தோட்டத்துத் தொழிற்சங்கம் தலைதூக்கியபோது, 1948இல் அவசரகாலம் அறிவித்தார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சைப் பக்கத்தில் பிறந்தவர், கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பதற்காக 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு தலையிட்டும் பயனில்லை. 1948 டிசம்பரில் பத்தாங் காலி என்ற ஊரருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமில்லாத சீனத் தொழிலாளர்கள் 24 பேரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மலாயாவுக்கு நாகரிகமும் நல்லாட்சியும் கொடுத்துவிட்டு வந்தோம் என்ற பிரிட்டனின் கதையைப் படிக்கும்போது இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

1957இல் விடுதலை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பின. லயத்து மக்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மலாயா இந்தியர்களின் தலைவரான வி.தி. சம்பந்தன் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களிடம் காசு சேர்த்து, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் தோட்டங்களை வாங்கினார். இந்த முழுக் கதையிலும் பால் வெட்டியவர் கைக்கு நிலம் வந்த ஒரே இடம் அதுதான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி மறுக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் தாங்கள் பார்த்தேயிராத தமிழ்நாட்டுக்கு வந்தார்கள்.

1981 செப்டம்பர் 7. காலை லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில், 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி என்ற தோட்டக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசிய அரசு நிறுவனம் ஒன்று வாங்கி முடித்தது. ஒரு பழைய எசமானிடமிருந்து அவன் சந்தையிலேயே, அவன் சட்டப்படியே நிலத்தை மீட்டார்கள். அந்தச் செய்தியைப் படிக்கிற எவருக்கும் நெஞ்சு நிமிரும், எனக்கும் நிமிர்ந்தது. ஆனால் லயத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் காலையில் கைமாறியது எதுவும் இல்லை. சம்பளம் அதேதான், வீடு கம்பெனியுடையதுதான், வேலை போனால் வீடும் போகும். ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டபோது வேலை போனது.

பிராங் பெசார் தோட்டத்தைச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கில அதிகாரிகள் 1921இல் திறந்த தோட்டம் அது. அங்கே தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிய ‘பி.பி.’ வகைக் கன்றுகள் உலகமெங்கும் போயின. கேரளத்து, குமரி மாவட்டத்து விவசாயிகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். 1990களில் அந்தத் தோட்டமும் பக்கத்துத் தோட்டங்களும் இருந்த நிலத்தில்தான் மலேசியாவின் புதிய நிர்வாகத் தலைநகரம் புத்ராஜெயா எழுந்தது. ஏரி, பாலம், பச்சைக் குவிமாடம் கொண்ட பிரதமர் அலுவலகம். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை டெங்கில் பக்கம் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். சுவரில் விரிசல் விழுந்த அந்த வீடுகளிலிருந்துகொண்டு, வாக்களித்த தரைவீட்டுக்காக அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய தலைநகரத்தின் பெருமைக் கதையில் பழைய தோட்டத்தின் மக்கள் ஒரு வரி கூடப் பெறவில்லை.

2009இல் சைம் டார்பி, மலேசியாவின் அந்தத் தேசியப் பெருநிறுவனம், கத்ரியைத் தன்னோடு இணைத்துக்கொண்ட நிறுவனம், லைபீரியாவில் 2,20,000 ஹெக்டேரை 63 ஆண்டுக்கு எண்ணெய்ப்பனைக்காக எடுத்தது. அதில் பழைய கத்ரி ரப்பர்த் தோட்டமும் அடக்கம். தங்கள் விளைநிலமும் மூதாதையர் கல்லறைகளும் அழிக்கப்படுவதாகக் கிராமத்தார் 2011இல் புகார் கொடுத்தார்கள். எடுத்த நிலத்தில் சிறு பகுதியில் மட்டும் நட்டுவிட்டு, 2020இல் அந்த நிறுவனம் விலகியது. காலனி ஆட்சியில் துன்பப்பட்ட நாடு இன்னொரு ஏழை நாட்டின் நிலத்தில் காலனிக்காரனைப் போலவே நடந்துகொள்ள முடியும் என்பதை ஒப்புக்கொள்ளக் கசக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. அந்தத் தோட்டக் கம்பெனி 2024இல் தன் பெயரை எஸ்.டி. கத்ரி என்று மாற்றிக்கொண்டது.

ஏகாதிபத்தியம் ஒரு நாட்டின் குணம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்வரை, நம் கம்பெனி, நம் கொடி என்றதும் கண்ணை மூடிக்கொள்வோம். இந்திய நிறுவனங்களும் ஆப்பிரிக்காவில் நிலக் குத்தகை எடுத்திருக்கின்றன. அந்த ஒப்பந்தங்களில் அங்கே குடியிருப்பவரின் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்கிற கடமை, லயத்திலிருந்து வந்த ஒரு சமூகத்தைவிட வேறு யாருக்கு அதிகம்?

ஃபயர்ஸ்டோன் 1988இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோனுக்குக் கைமாறியது. உள்நாட்டுப் போரின் நடுவே 1992இல் சார்லஸ் டெய்லரின் ஆட்களோடு உடன்பாடு செய்துகொண்டு பணம் கட்டி, தோட்டத்தை நடத்தியது. ஹார்பெலில் இன்றும் பால் வெட்டுகிறார்கள், ரப்பர் கப்பலேறுகிறது, டயர் வேறு நாடுகளில் செய்யப்படுகிறது. புதுப்பித்த குத்தகை 2041 வரை இருக்கிறது.